கப்பலைத் தவறவிடப் பார்த்த கார்

ரங்கூன் கப்பலுக்குப் போகும் என் மைத்துனனை இன்று காலை ரயிலேற்ற வேண்டியிருந்தது. ரயிலை விட்டால் கப்பலும் போய்விடும்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் என் பந்தயக் காரைக் கிளப்பினேன். நின்ற இடத்திலேயே குலுங்கியது. சைலன்சரில் வேட்டுச் சத்தம், கரும்புகை.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் கரி. துடைத்து மாட்டினேன். மறுபடியும் வேட்டு.

"அத்தான், மாட்டு வண்டியைப் பூட்டச் சொல்லவா?" என்றான் மைத்துனன்.

"அதுல போனா நாளைக்குப் போற ரயிலைத்தான் பிடிக்கலாம்!" என்று எரிந்து விழுந்தேன்.

வாசலில் நின்ற என் மனைவி மெல்லக் கேட்டாள்: "உள்ளாற வாய் மாதிரி ஒரு ஓட்டை இருக்குமே, அதைப் பாத்தீகளா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து நீங்க மூடியைத் திறந்து துடைச்சீகள்ல, அப்ப அதுல வச்சேன். குன்றக்குடி விபூதிப் பொட்டலம். தம்பி நல்லபடியாப் போய்ச் சேரணும்ல?"

கார்புரேட்டர் காற்றை இழுக்கும் வாய் அது; அடைத்தால் கரும்புகைதான்! நல்லவேளை, பொட்டலம் பிரியவில்லை. அதை எடுத்ததும் எஞ்சின் சீராக ஓடியது. ரயில் நகரத் தொடங்கும்போது மைத்துனனை உள்ளே தள்ளினேன்.

வீடு திரும்பி, கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"பாத்தீகளா, முருகன் விபூதி இருக்கப்போயித்தான் ரயிலைப் பிடிச்சீக" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமானவர்கள் மட்டும் சொல்லுங்கள்.