கோயில் இட்லியும் காணாமற்போன பித்தப்பையும்

சுக்கும் மிளகும் நெய்யும் சேர்ந்து மூக்கில் ஏறும்போதெல்லாம், காணாமற்போன என் பித்தப்பைதான் எனக்கு ஞாபகம் வரும். ஆறாம் வகுப்பில் அடிக்கடி வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்வேன். ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த டாக்டர், "வெறும் வயித்தோட" போகச் சொன்னார். அம்மா அன்று காலை காபியைக்கூட என் கண்ணில் காட்டவில்லை. ஆனால் எல்லாம் நல்லபடியாக முடியவேண்டுமே என்று, போகிற வழியில் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, மந்தாரை இலையில் கிடைத்த கோயில் இட்லியை எனக்கு ஊட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் விரதம் இருப்பவர்கள்கூடப் பிரசாதத்தை மறுக்கமாட்டார்கள்; அது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா என் வலது விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தினார், உருட்டினார், புரண்டு படுக்கச் சொன்னார்.

"பித்தப்பை தெரியவே இல்லையேம்மா," என்றார்.

பிறவியிலேயே இல்லையோ, இந்தப் பெண்ணை எப்படிக் கரையேற்றுவேன் என்று அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். நான் மெல்லக் கோயில் இட்லியைச் சொன்னேன்.

"அது பிரசாதம்டீ," என்று அதட்டினாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சாப்பிட்டதும் இரைப்பை உப்பும், நெய்யைச் செரிக்கப் பித்தநீரைப் பிழிந்துவிட்டுப் பித்தப்பை சுருங்கிக்கொள்ளும், எங்கும் போய்விடாது என்று சொல்லி மறுநாள் வரச்சொன்னார். மறுநாள் அது கத்திரிப் பிஞ்சுபோல் உப்பிக்கொண்டு திரையில் கிடந்தது. கல்லும் இல்லை, கட்டியும் இல்லை. அப்பாடா என்று அம்மா அந்தத் திரையையே கும்பிட்டாள். பிறகு பூச்சி மாத்திரையிலேயே வலி போய்விட்டது.

அந்த ஸ்கேன் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் அம்மாவுக்கே ஸ்கேன். வழக்கம்போல் முதலில் கோயில். கையில் வாங்கிய இட்லியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இலையோடு பைக்குள் வைத்தாள்.

"பெருமாள் கோச்சிக்க மாட்டாருமா. பித்தப்பைதான் கோச்சிக்கினு ஒளிஞ்சிக்கும்," என்றாள்.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. வாசலுக்கு வந்ததும் ஆறிப்போன அந்த இட்லியைப் பிட்டு, முதல் வாயை எனக்கு ஊட்டினாள்.