குதிரைக் கொட்டிலில் ஒரு கல்யாண விருந்து

வெயிலேறிய பழைய செங்கல்லின் வாசனையோடு நெய்ச்சோற்றின் ஆவி கலந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2011இல், எனக்குப் பதினான்கு வயதானபோது, எங்கள் 'தாத்தா'வின் நிக்காஹ் விருந்து மெல்பேர்னுக்கு வெளியே ஒரு பழைய குதிரைவண்டிச் சத்திரத்தில் நடந்தது. தாத்தா என்று நாங்கள் அழைப்பது அக்காவை.

ரயில் வருவதற்கு முந்திய காலத்தில், தூரப் பயணம் போகும் வண்டிகள் குதிரை மாற்றவும் பயணிகள் இராத் தங்கவும் எழுப்பிய கட்டடம் அது. வண்டி அப்படியே உள்ளே நுழையும்படி உயர்ந்த வளைவு வாசல், அதற்கப்பால் கருங்கல் பாவிய முற்றம், முற்றத்தின் முடிவில் பலகைத் தடுப்புகளோடு நீண்ட குதிரைக் கொட்டில். நகரசபை அதைத் திருத்தி வாடகைக்கு விட்டிருந்தது. ஊரைவிட்டு இடம்பெயர்ந்து அலைந்ததில் தாத்தாவுக்குக்கூடக் கிடைக்காத பள்ளிக்கூடம் எங்கள் வீட்டில் முதலில் எனக்குத்தான் கிடைத்தது. ஆகவே சுவரிலிருந்த ஆங்கிலப் பலகையை வாசித்து இதையெல்லாம் எல்லோருக்கும் சொன்னவளும் நான்தான்.

விருந்துக்கு முந்திய கிழமை மாப்பிள்ளையின் உம்மா, அதாவது எங்களுக்கு மாமி, இடம் பார்க்க வந்தார். 'சஹன்' என்னும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக இருந்து உண்பது எங்கள் வழக்கம். ஆனால் சத்திரத்தில் மண்டபமோ ஒன்றுதான்; ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருக்க வழியில்லை.

"பொம்புளையளுக்கு மறைப்பு இல்லாட்டி இந்த எடம் சரிவராது. கலியாணத்தப் பொறகு வெப்போம்," என்றார் மாமி. தாத்தாவின் முகம் வாடிவிட்டது.

நான் மாமியின் கையைப் பிடித்துக் கொட்டிலுக்கு இழுத்துப்போனேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஆளுயரத் தடுப்போடு ஓர் அறை.

"குதிர நின்ட எடத்துல என்னய இரிக்கச் சொல்றியா?"

"ஓம் மாமி. ஒருக்கா இருந்து பாருங்களேன்."

மாமி, எங்கள் உம்மா, தாத்தா, உம்மாவின் தங்கைகளான இரண்டு சாச்சிமார், நான் என்று ஆறு பேரும் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் முழங்காலும் மற்றவரை இடிக்கவில்லை. மாமி தடுப்பைத் தட்டிப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப பெரிய குதிரட அறை எனக்குத்தான்!"

விருந்தன்று ஆண்கள் மண்டபத்தில்; கொட்டிலில் பெண்களுக்கு அறைக்கொரு சஹன். தடுப்புகளுக்கு மேலால் இனிப்பு வட்டிலப்பமும் கேலியும் கைமாறின. "பக்கத்துக் குதிரையளுக்கு எறச்சி குடுக்காதீங்க, எல்லாத்தையும் திண்டு முடிச்சிடும்!" என்று மாமி கூவ, புதுப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இப்போது தடுப்புகளைக் கழற்றி, கொட்டிலைக் கண்ணாடிக் கதவுள்ள காப்பிக் கடையாக்கிவிட்டார்கள். அண்மையில் அங்கே போய்க் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, குதிரைகள் போன பிறகு இந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று வழிகாட்டி ஒருவர் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, நடந்தது என்றேன். எந்தத் தடுப்பு எங்கே நின்றது, யார் எங்கே இருந்து சாப்பிட்டார்கள் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டினேன். மாமி இருந்த இடத்தில் காப்பி இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.