மண்ணெண்ணெய்க் கரண்டும் மஞ்சள் திரையும்

அன்றைக்கு அந்தக் கொட்டிலில் இருந்தவர்கள்: கொம்பியூட்டர் மாஸ்டர். அவருடைய மனிசி. கோவில் தலைவர். வாசலில் நான். எனக்குப் பின்னால் என் ஜெனரேற்றர். அதையும் ஆளாகத்தான் எண்ணுவேன். உள்ளே இருந்த மூன்று பேரில் இரண்டு பேரைவிட அது பிரயோசனம்.

முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவில் இருந்த காலம். ஊரில் கரண்ட் இல்லை. கலியாணம், செத்த வீடு, கோவில் எல்லாத்துக்கும் என் ஜெனரேற்றர் போகும். திருவிழா பத்து நாள். அந்தப் பத்து நாள் உழைப்பில்தான் எங்கள் வீட்டில் மிச்ச மாதங்களுக்கும் சோறு. திருவிழா வெளிச்ச வேலை ஆருக்கு என்று சொல்லுகிறவர் தலைவர்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆள். கொம்பியூட்டரைச் சாக்கில் சுற்றி வள்ளத்தில் கொண்டு வந்தாராம். கோவில் காணியில் அந்தக் கொட்டிலை வகுப்புக்குக் கேட்டிருந்தார். வேலை செய்யுதென்று காட்டினால் தருவதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

என்னை உள்ளே விடவில்லை. கையில் எண்ணெயாம். என் அப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதும் அந்த எண்ணெயில் சேர்த்தி.

கொம்பியூட்டர் பெட்டிக்குள் ஒரு தகடு இருக்கிறது, காட் என்பார்கள். படம் அதிலிருந்து வயர் வழியாகத் திரைக்குப் போகும். வயரின் நுனியில் ஊசிகள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆகப் பதினைந்து. ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கம். கண் இருந்தால் போதும், பார்த்துச் செருகலாம். மாஸ்டர் தலைகீழாக வைத்து அமத்தினார். போகவில்லை. மாடு வேலிப் படலையைத் தள்ளுகிற மாதிரி இன்னும் அமத்தினார். பிறகுதான் திருப்பிச் செருகினார்.

நான் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். பெற்றோலுக்குத் தடை இருந்த அந்த நாளில் வன்னியில் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது.

திரை வந்தது. வெள்ளையாக வரவேண்டிய எழுத்தெல்லாம் மஞ்சள்.

"என்ன மாஸ்டர், செங்கமாரி பிடிச்ச மாதிரிக் கிடக்கு?" என்றார் தலைவர்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "மண்ணெண்ணெய்க் கரண்ட். வேறென்ன."

தலைவர் தலையாட்டினார். அந்த நாளில் இருமல் வந்தாலும் பழி மண்ணெண்ணெய்க்கு, கோழி முட்டை இடாவிட்டாலும் மண்ணெண்ணெய்க்கு. படித்த வாயிலிருந்தும் அதேதான் வந்தது. தலைவர் வீட்டில் ஒளித்து வைத்திருந்த பெற்றோல் போத்தலை எடுப்பித்தார். அதை ஊற்றி ஓட்டினேன். அதே மஞ்சள். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊறிவிட்டதாக மாஸ்டர் விளங்கப்படுத்தினார்.

மனிசி வயர் நுனிச் செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. கொம்பியூட்டரோடு வந்த புத்தகத்தை அந்த வீட்டில் வாசித்தது அவா மட்டும் போல.

"இஞ்சை ஒண்டு வளைஞ்சு கிடக்கு. நீலத்தின்ர ஊசி. நீலம் வராட்டில் வெள்ளை மஞ்சளாத்தான் தெரியும்."

"நீர் குசினிக்குப் போம்," என்றார் மாஸ்டர்.

தலைவர் சிரித்தார். நான் வாசலில் நின்றபடி, "ஐயா, ஒருக்கா ஊசியை எண்ணிப் பாருங்கோ," என்றேன்.

"படிச்ச மனுசன் சொல்லுறார், நான் எண்ணுறதோ? நீ கொண்டு போ தம்பி. திருவிழாவுக்கு வேற ஆளைப் பிடிக்கிறம்."

கொண்டு போனேன். திருவிழாவுக்கு வந்த மற்ற ஜெனரேற்றரும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. அதன் சொந்தக்காரனும் நான் வாங்குகிற கடையிலேயே வாங்கினான். அந்த வருசம் எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. கொட்டிலில் வகுப்பு நடந்தது. கொம்பியூட்டர் என்றால் மஞ்சள் எழுத்து என்று அங்கே படித்த ஒரு பெட்டை என் மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். மாஸ்டர் திருத்தவில்லை.

அடுத்த வருசம் கொடியேற்றத்துக்கு முதல் நாள் தலைவர் சைக்கிளில் வந்தார். மற்றவனின் எஞ்சின் இறுகிப் போச்சாம். கதிரை கொடுத்தேன். இருந்தார். பழைய கதையை மனதில் வைக்க வேண்டாம் என்றார்.

"வாறன்," என்றேன். "முதல் நீங்கள் போய் அந்த ஊசியளை எண்ணிப்போட்டு வாங்கோ. நேரா நிக்கிறதை மட்டும்."

பகிடியோ என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எழும்பிப் போனார்.

வெயில் சாயத் திரும்பி வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு வேலியைப் பார்த்துச் சொன்னார்.

"பதினாலு."