முதலில் கழிக்கவும்

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது ஒரு வங்கியை ஏமாற்றினேன். வங்கியைத்தான் ஏமாற்றுகிறேன் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு உதவித்திட்டத்தில் கிடைத்த காசு, சுவர் எழும்பியதோடு முடிந்துவிட்டது. கூரைக்கும் நிலத்துக்கும் கதவு யன்னல்களுக்குமாக அப்பா காணி உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுத்தார். பத்து வருடத்தில் கட்டி முடிக்கவேண்டிய கடன். மாதத் தவணை பன்னிரண்டாயிரம் ரூபாய். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடிக் கிடைக்கும் கூலியிலும் நெல் விற்ற காசிலும் அப்பா அதை எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். அத்தோடு தன் கடமை முடிந்தது என்று கதிரையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இருப்பார்.

அம்மாவுக்கு அத்தோடு முடியவில்லை. அவர் விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து, சந்தியிலிருந்த இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். அதில் மிஞ்சுகிற ஐயாயிரத்தையும் மாதாமாதம் கொண்டுபோய்க் கடனில் கட்டினார்.

"பத்து வருசம் தாறன் எண்டு வங்கிக்காரனே சொல்லேக்க, நீர் ஏன் அவதிப்படுறீர்?" என்று அப்பா கேட்பார்.

"அவனுக்கு அவசரமில்லை. எனக்கு இருக்கு" என்பார் அம்மா. அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

முதல் தடவை அந்த மேலதிகக் காசைக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்து வங்கி சனிக்கிழமையும் மத்தியானம் வரை திறந்திருக்கும். கடன் பிரிவில் இருந்த மிஸ் நல்லவர். ஒரு கடதாசியில் கோடு கீறிக் காட்டினார்.

"அக்கா, நீங்கள் சும்மா கட்டினால் இந்தக் காசு அடுத்த மாதத் தவணைக்கெண்டு நிண்டுபோகும். உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. முதலில கழிக்கச் சொல்லிக் கடிதம் தந்தீங்கள் எண்டால், முதல் குறையும். முதல் குறைஞ்சால் வட்டி குறையும். கடைசியில வருசமும் குறையும்."

அம்மா அந்தக் கடதாசியை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் வாசிப்பார், ஆனால் எழுதக் கை கூசும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. எனக்கோ வகுப்பிலேயே வடிவான எழுத்து. ஆகவே அன்றிலிருந்து வங்கிக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. "மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்கட்கு, இத்துடன் மேலதிகமாகச் செலுத்தும் ஐயாயிரம் ரூபாவை முதலில் கழிக்கவும்." கீழே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைப்பார்.

'முதலில்' என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் என்றுதான் நான் வெகுகாலம் விளங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதுவும் பிழையில்லை. எங்களுக்கு ரீவி வரமுன்னம், எனக்குப் புதுச் சைக்கிள் வரமுன்னம், அப்பாவின் கிழிந்த சாய்மனைக் கதிரைக்குப் புதுத்துணி வரமுன்னம், முதலில் அந்த ஐயாயிரம் கழிந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனபின், பள்ளிக்கூடத்தில் கல்விச் சுற்றுலா என்றார்கள். நுவரெலியாவுக்கு. இரண்டு நாள். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. எங்கள் வகுப்பில் குளிரைக் கண்டவர்கள் எவருமில்லை. வாயைத் திறந்தால் புகை வருமாம் என்று ஒருத்தி சொன்னாள். நான் அன்றிரவே கண்ணாடிக்கு முன்னால் நின்று ஊதிப் பார்த்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். மாவைக் குழைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "எங்க, நுவரெலியாவுக்கோ?" என்றார். பிறகு, "இப்ப ஏலாது பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்" என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்பதன் பொருள் எனக்குத் தெரியும். ரீவியும் அந்த வருடத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த மிஸ் கீறிக்காட்டிய கோடு ஞாபகம் வந்தது. காசு முதலில் கழியாமல் அடுத்த தவணைக்கென்று நின்றுபோனால்? அடுத்த மாதம் பன்னிரண்டாயிரத்துக்குப் பதிலாக ஏழாயிரம் கட்டினால் போதும். வீட்டில் ஐயாயிரம் மிஞ்சும். சுற்றுலாவுக்குக் காசு கட்டவேண்டிய கடைசி நாளும் அடுத்த மாதம்தான். கணக்கில் நான் அவ்வளவு கெட்டிக்காரியில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு மட்டும் ஒரே தடவையில் சரிவந்தது.

அந்த மாதக் கடிதத்தில், "அடுத்த மாதத் தவணைக்காக வைத்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். எழுத்து வழக்கத்தைவிட வடிவாக இருந்தது. அடுப்பில் நீத்துப்பெட்டியில் மா வெந்துகொண்டிருந்த அவசரத்தில் அம்மா வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமைகள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். கட்டும் நாள் வந்ததும் வயிற்றுக்குத்து என்று படுத்துப் பார்த்தேன். அம்மா ஓமத்தண்ணீர் தந்து கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

மிஸ் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இந்த மாதம் நீங்கள் ஏழாயிரம் கட்டினால் காணும். போன மாதக் காசைத் தவணைக்கு வைக்கச் சொல்லி எழுதித் தந்திருக்கிறியள்."

"நானோ?"

"ஓம். கடிதம் இருக்கு."

"ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

மிஸ் கோப்பைப் பிரித்துக் கடிதத்தைத் திருப்பி வைத்தார். அம்மா ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து மெல்ல வாசித்தார். அந்த விரல் கடைசி வரியில் நின்றுவிட்டது. மேலே காற்றாடி சுற்றுகிறது, எனக்கு வேர்த்துக்கொட்டுகிறது. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ஓம் மிஸ்" என்றார். "நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான். வீட்டில பிள்ளைக்கு ஒரு செலவு இருந்தது. மறந்துபோனன்."

"வேணுமெண்டால் மாத்தி எழுதித் தாங்கோ. இப்பவும் முதலில கழிக்கலாம்."

அம்மா கடிதத்தை மிஸ்ஸின் பக்கம் தள்ளினார். "வேண்டாம். இந்த ஒருமுறை அப்பிடியே இருக்கட்டும்."

கைப்பையிலிருந்த பதினேழாயிரத்தையும் வெளியே எடுத்தார். ஏழாயிரத்தைத் தவணைக்கென்று எண்ணி வைத்தார். இரண்டாயிரத்து ஐந்நூறை எடுத்து லேஞ்சித் துணியின் மூலையில் முடிந்துகொண்டார். மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறையும் மேசையில் வைத்துவிட்டு, "பேனையை எடு" என்றார் என்னிடம்.

நான் அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் எழுதி முடித்த ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். 'முதலில்' என்ற இடத்தில் விரல் இரண்டு தரம் தட்டியது.

வீட்டுப் படலையடியில் வைத்து அம்மா லேஞ்சியை அவிழ்த்துக் காசை என் கையில் வைத்தார். "திங்கக்கிழமை ரீச்சரிட்டக் குடு. சுவெற்றர் ஆரிட்டையும் இரவல் வாங்கலாமோ எண்டு பாப்பம்."

அவ்வளவுதான். அம்மா உண்மையிலேயே தான் சொன்னதாக நினைத்துவிட்டார், வேலைக் களைப்பில் அவருக்கு மறதி வந்துவிட்டது என்று நான் முழுமனதாக நம்பினேன். பாவம் அம்மா என்று இரக்கப்படவும் செய்தேன்.

சுற்றுலாவுக்கு முதல்நாள், இரவல் சுவெற்றருக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அம்மா எனக்கு ஒன்று சொன்னார். அவர் பிறந்தது நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் குடியேறியவர்கள், அம்மாவின் ஆட்கள் மலையிலிருந்து வந்தவர்கள். கோபம் வந்தால் மட்டும் அம்மா "வெளங்குதா?" என்று மலைநாட்டுத் தமிழில் கேட்பார், அப்பா அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கு அது அவ்வளவுதான்.

"றோட்டுக்கு மேல லயம் லயமா தோட்டத்து ஆக்களின்ர வீடு தெரியும்" என்றார் அம்மா. "பாத்துக்கொண்டு போ."

நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் டோல்கி அடித்துப் பாடிக்கொண்டு போனோம். வாயிலிருந்து புகை வந்தது. பூந்தோட்டத்தில் படம் எடுத்தோம். குதிரை ஒன்று என் தொப்பியைக் கடித்தது. வீட்டுக்கென்று ஒரு கட்டுக் கரட்டும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் வராததுமாக அம்மா கேட்டார். "லயத்து வீடுகளைக் கண்டனியோ?"

"ஓம்" என்று பொய் சொன்னேன். "நீட்டா, ஒரே மாதிரி."

"கதவெல்லாம் இப்பவும் பச்சையோ?"

"ஓம், பச்சை."

அம்மா கரட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தார். "எங்கட அப்பா அந்தக் கதவுக்கு மூண்டு தரம் பெயின்ற் அடிச்சவர், தன்ர காசில. வேலையால நிப்பாட்டின கிழமையே, வீடு தோட்டத்துக்குச் சொந்தம் எண்டு விடச் சொல்லிப்போட்டாங்கள். ஒரு நாள்தான் தந்தவங்கள். எங்கட அம்மா சோத்துப்பானையை அடுப்பில இருந்து அப்பிடியே தூக்கிக்கொண்டு வெளியில வந்தவா. எனக்கு அப்ப ஏழு வயசு."

நான் குதிரை தொப்பியைக் கடித்த கதையைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மூச்சு விட்ட இடைவெளியில் சொல்லியும்விட்டேன். அவர் நன்றாகச் சிரித்தார்.

கடன் ஏழாவது வருடத்திலேயே முடிந்துபோனது. அப்போது நான் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டேன், ஆனால் பெரிய விளக்கம் ஒன்றும் வந்திருக்கவில்லை. மூன்று பேருமாக வங்கிக்குப் போனோம். மிஸ் உறுதியை உறையோடு நீட்டி, "மூண்டு வருசம் முன்னுக்கே முடிச்சிட்டியள் அக்கா. இனி எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ, இதைவிடக் கூடக் கடன் தரலாம்" என்றார். அப்பா பெரிதாகச் சிரித்தார். அம்மா உறையை இரண்டு கையாலும் வாங்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதைத் திரும்ப அம்மாவிடமே கொடுத்தார். "வைச்சிரும். உம்மட இடியப்பம்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா உறுதியை அலுமாரியில் வைத்தார். சீலையைக்கூட மாற்றவில்லை. முன்னறையில் பாயை விரித்து, வாசல் கதவை ஆவென்று திறந்துவைத்துவிட்டுப் படுத்தார். அதற்கு முன்னர் அம்மா பகலில் படுத்து நான் கண்டதில்லை. மத்தியானம் கழிந்தது, வெயில் சரிந்து நிலத்தில் விழுந்தது. அடுத்தநாள் இடியப்பத்துக்கு அரிசி ஊறப்போடும் நேரமும் வந்து போனது. அம்மா மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார், எழும்பவில்லை.

காய்ச்சலாக்கும் என்று நினைத்து நான் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போனேன். அப்பா வாசற்படியில் இருந்தார். கையை நீட்டி என்னை மறித்தார்.

"எழுப்பாதை, பிள்ளை" என்றார் மெதுவாக.

"ஏனப்பா, அம்மாக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. படுக்கட்டும்."

ஒன்றுமில்லை என்றால் ஏன் எழுப்பக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் வாசலில் நின்றேன். பிறகு, வீணாகப் போகிறதே என்று அந்தத் தேத்தண்ணியை நானே குடித்துவிட்டேன்.