ஆனந்தராஜா வீட்டு இரண்டு வாக்குகள்

தென் லண்டனில் ஒரு ரயில் நிலையத்தில் ஆனந்தராஜாவுக்கு டிக்கெட் விற்கும் வேலை. 1983இல் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர், பதினொரு வருடமாக ஒரு நாட்டையே அந்தச் சின்னத் துவாரத்தின் வழியாக எடைபோட்டுக்கொண்டிருந்தார். வந்த புதிதில் பத்துப் பேரில் ஒன்பது பேர் 'பிளீஸ்' சொல்லித்தான் டிக்கெட் கேட்பார்களாம். இப்போது நாலு பேர் தேறினால் பெரிய காரியம்.

"பிளீஸ் குறையக் குறைய இந்த நாட்டின்ர மரியாதையும் போச்சுது, பாரும்" என்று சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் நண்பர் கிறிஸ்துராஜாவிடம் அலுத்துக்கொள்வார்.

கிறிஸ்துராஜா லேபர் கட்சிக்காரர். இவரோ பச்சைக் கொன்சவேட்டிவ் கட்சி. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஆரம்பித்த சண்டை, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா என்பதுவரை வந்திருந்தது. வாய்கிழியச் சண்டை பிடித்துவிட்டு இருவரும் ஒரே தட்டில் வடை எடுத்துச் சாப்பிடுவார்கள். ரோசம் வடைவரைக்கும்தான்.

வடையைக் கொண்டுவந்து வைப்பவர் ஆனந்தராஜாவின் மனைவி கமலாம்பிகை. பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் எட்டு வருடமாக வேலை செய்கிறார். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரிடம் அரசியல் பேச யாருக்கும் தோன்றியதில்லை. ஒரே ஒருமுறை மட்டும் வாசலில் நின்று, "இந்த வீட்டுக்குள்ள ஒருக்காலும் ஒரு பிளீஸை நான் கேட்டதில்லை" என்றார். கிறிஸ்துராஜாவுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது.

"வீட்டுக்குள்ள என்ன பிளீஸ்? அது வெளியாக்களுக்கு" என்று ஆனந்தராஜா விஷயத்தை அத்தோடு முடித்துவிட்டார்.

தொண்ணூற்று நாலு வசந்தத்தில் உள்ளூர்க் கவுன்சில் தேர்தல் வந்தது. வழக்கம்போல கொன்சவேட்டிவ் வேட்பாளர் ஜெரால்டும் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டுப் படியேறி, தன் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் அபிப்பிராயத்தைக் கேட்பதென்றால் ஆனந்தராஜாவுக்குச் சும்மாவா? நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது. "இந்த வீட்டில் இரண்டு வாக்கு. இரண்டும் உங்களுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார். ஜெரால்ட் தன் பட்டியலில் இரண்டு கோடு கீறிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் கமலாம்பிகை நிற்கிறார்.

"உங்கட வாக்கை நீங்கள் குடுங்கோ. என்ரையை ஏன் தூக்கிக் குடுத்தனீங்கள்?"

"எப்பவும் அப்பிடித்தானே?"

"ஓம், எப்பவும் அப்பிடித்தான். இந்தமுறை நான் யோசிச்சுத்தான் போடுவன்."

"ஆருக்கு?"

"யோசிக்கோணும் எண்டு சொன்னனான்."

ஆனந்தராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன சொல் மாறாதவர் என்று பெயரெடுத்த மனிதர். அந்த வாரம் முழுக்க மனைவிக்கு வரியைப் பற்றி விளக்கினார். வீட்டு விலை ஏறி இறங்கிய கதையைச் சொன்னார். ஒருநாள், கேட்காமலே கிறீம் பிஸ்கட் வாங்கி வந்தார். கமலாம்பிகை பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வதென்றால் ஒரு வாக்குப் போவது அவருக்குப் பெரிதில்லை. இருபத்தாறு வருடம் கூடவே இருந்தவரின் தலைக்குள் தனக்குத் தெரியாமல் ஏதோ ஓடுகிறதே, அதுதான் அவரைக் குடைந்தது.

அடுத்த சனிக்கிழமை கிறிஸ்துராஜா இருக்கும்போதே ஜெரால்ட் மறுபடி வந்து, வியாழக்கிழமைத் தேர்தலில் இரண்டு வாக்கும் நிச்சயம்தானே என்று சிரித்தபடி கேட்டார். ஒரு 'யெஸ்' சொல்லியிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். ஆனந்தராஜாவின் வாயில் பொய் வரவில்லை.

"ஒன்று நிச்சயம். மற்றது என் மனைவியுடையது. அவரைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்."

சொல்லிவிட்டு உள்ளே கூப்பிட்டார். கமலாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வைத்தியசாலையோ வங்கியோ, எங்கே போனாலும் அவருக்காகப் பேசுவது ஆனந்தராஜாதான். மனைவிக்கு 'யெஸ், நோ, தாங்யூ' மூன்றும்தான் இங்கிலீஷ் என்று நம்பியிருந்தார். இப்போதும் உதவிக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றார்.

கமலாம்பிகை ஆரம்பித்தார். ஆனந்தராஜா பேயறைந்தவர்போல நின்றுவிட்டார். அது சமையலறைப் பெண்களோடு எட்டு வருடம் சிரித்தும் சண்டை பிடித்தும் பழகிய தென் லண்டன் இங்கிலீஷ், வழவழவென்று ஓடியது. பள்ளிக்கூடத்துச் சமையலறையை மூடிவிட்டு வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு எடுப்பதாகப் பேச்சு அடிபடுகிறதே, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். அது சிக்கலான விஷயம் என்று ஜெரால்ட் இழுத்தார்.

"சிக்கல் ஒன்றுமில்லை, லவ். மூடுவதா, விடுவதா?" சமையலறைப் பெண்கள் யாரையும் கூப்பிடுகிற அதே 'லவ்'.

ஜெரால்டின் காது சிவந்தது. நூற்று நாற்பது பிள்ளைகள். அதில் முப்பத்திரண்டு பேருக்கு அந்த நாளில் கிடைக்கும் சூடான சாப்பாடு அது ஒன்றுதான். ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும் என்றார் கமலாம்பிகை. ஜெரால்ட் பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேறு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். திங்கட்கிழமை மத்தியானம் சமையலறைக்கே வருவதாகச் சொன்னார். உங்கள் வாக்கை நம்பலாமா என்று அவர் கேட்டதற்கு, முதலில் வந்து பாருங்கள் என்றுதான் பதில் கிடைத்தது.

கதவு சாத்தியதும் கிறிஸ்துராஜா, "அண்ணை, இவ்வளவு காலமும் நாங்கள் ரெண்டுபேரும் சும்மா அலட்டியிருக்கிறம்" என்றார்.

ஆனந்தராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. "சமையலறையை மூடப்போறாங்கள் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். கோபித்திருந்தால் இவர் எதிர்த்துப் பேசித் தப்பியிருப்பார்.

அடுப்பில் வடை கருகும் மணம் வந்தது. அடுப்படிக்குத் திரும்பிய மனைவியைக் கைகாட்டி மறித்துவிட்டு, "கிறிஸ்து, அதை ஒருக்கால் பாரும்" என்றார் ஆனந்தராஜா. ஒரு கதிரையை இழுத்துத் தனக்கு எதிரே போட்டார்.

"இதில இரும். அந்தப் பிள்ளையளைப் பற்றிச் சொல்லும்."

கமலாம்பிகை உட்கார்ந்து, முப்பத்திரண்டு பேரில் முதல் பெயரைச் சொன்னார்.