ஸ்ட்ராப் இல்லாமல் பிடித்த கம்பி

சென்ற ஆண்டு, ஓண விடுமுறை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாகர்கோவிலில் ஒரு பள்ளியின் உள்ளரங்கில் நடந்தது இது. பெண்களுக்கான வலுதூக்கும் போட்டி. தரையில் கிடக்கும், எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட் மட்டும்தான். அதில் நானும் கலந்துகொண்டேன் என்றால், என்னைத் தெரிந்தவர்கள் இப்போதும் நம்ப மாட்டார்கள். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

மகள் பிறந்த பிறகு எனக்கு முதுகிலும் மணிக்கட்டிலும் வலி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கல்யாண வீட்டுப் படியில் என் கையிலிருந்து நழுவிவிட்டாள். பக்கத்தில் நின்ற என் கணவர் தாங்கிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெளியே போனால் நான் அவளைத் தூக்குவதில்லை. படியோ பஸ்ஸோ கூட்டமோ, அவர் பிள்ளையை எடுப்பார், நான் பையை எடுப்பேன். அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினால், "அப்பாட்ட இரு மக்களே" என்று எங்கள் ஊர்ச் செல்லப்பேச்சில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

உடம்புக்குப் பலம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், தக்கலையில் காலை நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மகளுக்குத் தலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடுவேன். கையை எவ்வளவு கழுவினாலும் பிசுக்கு இருக்கும். கம்பி வழுக்கும். என்னைவிட இளையவளான பயிற்சியாளர்தான் ஸ்ட்ராப்பை எடுத்துத் தந்தாள். ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டி, மறுமுனையைக் கம்பியில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டை அது. விரல் தளர்ந்தாலும் கம்பி விழாது.

"கடைசி செட்டுக்கு மட்டும் போடுங்கக்கா. மத்ததெல்லாம் வெறுங்கையால செய்யுங்க" என்றாள். நானோ முதல் செட்டிலிருந்தே சுற்றிக்கொள்வேன். விழுந்துவிட்டால் என்ற பயம்தான். முதுகும் காலும் நன்றாக வலுவாயின. வலி போனது. அந்தத் தைரியத்தில்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

மேடையில் ஸ்ட்ராப் கூடாது என்று அப்போதே அவள் சொல்லிவிட்டாள். கடைசி சில வாரம் வெறுங்கையோடு பழகினேன். சில நாள் நின்றது, சில நாள் விழுந்தது. மாமியார் விஷயம் கேட்டு, "பிள்ளையத் தூக்கப் பயம், இரும்பத் தூக்கப் பயமில்லியோ?" என்றார். கேலிதான், ஆனால் இரவெல்லாம் எனக்கு அது உறுத்தியது. ஒருவேளை இந்தக் கம்பி என் கையில் நின்றால் பிள்ளையும் நிற்பாள் என்று எனக்குள் ஒரு கணக்கைப் போட்டுவைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போட்டி அன்று பயிற்சியாளர் பின்னறையில் மற்ற பெண்களைத் தயார் செய்துகொண்டிருந்தாள். மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் வெள்ளைப் பொடி பூசியிருப்பதைப் பார்த்தேன். மகளுக்காகக் கொண்டுவந்த பவுடர் டப்பா பையில் இருந்தது. தாராளமாக உள்ளங்கை இரண்டிலும் தட்டிக்கொண்டு போனேன்.

கம்பி முழங்காலைத் தாண்டியது. அதற்குமேல் விரல்கள் நிற்கவில்லை. கம்பி தரையில் மோதிய சத்தத்தில், கணவரின் தோளிலிருந்த மகள் அழத் தொடங்கியது எனக்குக் கேட்டது.

ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. இரண்டாவதற்குக் காத்திருக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். என் எடைப்பிரிவிலேயே போட்டியிட்ட ஒரு பெண் வழியில் நின்றாள். குளச்சல் பக்கத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும்.

"ஏட்டி, கையக் காட்டு." என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "இது பிள்ளைக்குள்ள பவுடரில்லா? இதையா போட்ட?"

"எல்லாரும் வெள்ளையாப் போட்டிருந்தாங்க, அதான் நானும்..."

"அது தொடையில தேய்க்கது, கம்பி வழுக்கி மேல வரதுக்கு. கைக்கு வேற பொடி. இதுல அடியில எண்ணெ வேற. பிள்ளைக்குத் தல தேச்சிட்டு நேரா வந்தியா?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, தன் துண்டாலேயே துடைத்துவிட்டாள். நீங்கள் எனக்கு எதிராக நிற்கிறவராயிற்றே என்று கேட்டேன்.

"நீ கம்பிய கீழ போட்டதால நான் ஜெயிச்சேன்னு வீட்டுல போய்ச் சொல்லவா? சும்மா நில்லு."

அந்த நேரத்தில் ஏனோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டுப் படி, பை, ஸ்ட்ராப், என் கையை நானே நம்பாதது. அவள் தன் பையிலிருந்து, கைக்குப் போடும் அந்தப் பொடியின் வெள்ளைக் கட்டியை எடுத்து என் விரல்களில் உரசினாள். பிறகு, "பிள்ளைய எந்த ஸ்ட்ராப்ப வச்சு கெட்டுவ?" என்றாள். குரலில் கேலி இல்லை. கம்பியை உள்ளங்கையில் அழுத்தாமல் விரல் தொடங்கும் மடிப்பில் பிடிக்கச் சொன்னாள்.

இரண்டாவது முறை நிமிர்ந்துவிட்டேன். ஆனால் நடுவர் கையை இறக்கிச் சைகை காட்டும்வரை பிடித்திருக்க வேண்டும். அதற்குள் விரல் திறந்துவிட்டது. செல்லாது என்றார்கள்.

மூன்றாவது முறை கம்பி மேலே வந்ததும், நடுவரைப் பார்த்தபடி நின்றேன். கையை இறக்க அவருக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று தோன்றியது. சுண்டுவிரல் நழுவுவது தெரிந்தது. மோதிரவிரல் நடுங்கியது. மேடைக்குக் கீழே அந்தப் பெண், "விடாத, விடாத மக்களே" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவரின் கை இறங்கியது. நான் கம்பியைப் போடவில்லை, பிடித்தபடியே தரையில் கொண்டுபோய் வைத்தேன்.

எங்கள் பிரிவில் நான்தான் கடைசி. அவளுக்கு இரண்டாமிடம். மெடலோடு வந்தவள், முதலில் என் உள்ளங்கையைத்தான் திருப்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் வடசேரி பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். கணவர் வழக்கம்போல் பையை என்னிடம் நீட்டினார். "பிள்ளையத் தாங்க" என்றேன்.

"ஏட்டி, கை செவந்து கெடக்கு. வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவர் தயங்கித்தான் கொடுத்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்த மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் அவளையும் மறு கையில் வாசல் கம்பியையும் பிடித்துக்கொண்டு பஸ் படி ஏறினேன். உள்ளங்கை எரிந்தது. பயமும் இருந்தது, அது இல்லையென்று சொன்னால் பொய். கணவர் எனக்குப் பின்னால் இரண்டு கைகளையும் விரித்தபடியே ஏறினாராம். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போதும் ஜிம்முக்குப் போகிறேன். ஸ்ட்ராப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை. முதுகுக்கு அதிக எடை தேவைப்படும் கடைசி செட்டுக்கு அது உதவத்தான் செய்கிறது. மற்றபடி வெறுங்கை. முடிந்ததும் மேலிருக்கும் கம்பியில் கொஞ்ச நேரம் தொங்குகிறேன், சில நாள் சீக்கிரமே விழுந்தும்விடுகிறேன். என் கை எவ்வளவு தாங்கும், எப்போது தளரும் என்று இன்று எனக்குத் தெரியும். தெரியாமல் பயந்த காலத்தைவிட, தெரிந்துகொண்டு பயப்படும் இந்த நாட்களில்தான் என் மகள் அதிக நேரம் என் இடுப்பில் இருக்கிறாள்.