நான் எடுக்கிறன்

போன கிழமை அலுமாரியின் கீழ்த்தட்டைத் துப்புரவாக்கும்போது பழைய ஹெட்செட் ஒன்று கையில் அகப்பட்டது. காதுப் பஞ்சின் மேல்தோல் கறுப்புச் சருகாக உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனேன். எதையும் முகர்ந்து பார்ப்பது என் பழைய வியாதி, நீங்கள் சிரிக்காதீர்கள். ரப்பரும் வியர்வையும் கலந்த வாசம். பரந்தன் வீட்டில் நின்ற நான் வவுனியா நகரத்து மூன்றாம் மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த மாடிக்குக் கீழே பெயின்ட் கடை. படியேறும்போதே தின்னர் மணம் தலைக்குள் ஏறும். கொழும்பில் தலைமையகமும் சென்னையில் பெரிய கிளையும் வைத்திருந்த ஒரு கணினி நிறுவனம், வன்னிப் பிள்ளைகளுக்கென்று மேலே சின்ன அலுவலகம் ஒன்றைத் திறந்திருந்தது. கிழமையில் நாலு நாள் வேலை, வெள்ளியும் சனியும் திரையில் பல்கலைக்கழக வகுப்பு. நாலு வருடம் தாக்குப்பிடித்தால் தகவல் தொழில்நுட்பப் பட்டமும் வேலையும் சேர்ந்தே கிடைக்கும். முதல் ஆறு மாதம் சோதனைக்காலம். தந்த வேலையை அதற்குள் முடித்துக் காட்டாவிட்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. மல்லாவியில் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் நான் திரும்பிப் போக வழியே இருக்கவில்லை.

ஐந்து பேராகச் சேர்ந்தோம். இரண்டு பேர் கொழும்புக்கு மாற்றம் வாங்கிப் போனார்கள். ஒருத்தி கனடாவுக்குக் கலியாணம் முடித்துப் போனாள். ஒருவனுக்கு அரசாங்க நியமனம் கிடைத்தது. மூன்றாம் மாதத்தில் அந்த மாடியில் எட்டுக் கதிரைகளும் நானும் மட்டும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். இடம் மாறினால் ஆட்கள் இருப்பதுபோலத் தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிற சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

பின்னேரம் நெளுக்குளத்து வாடகை அறைக்குப் போனதும் அம்மா போனில் கேட்பார்.

“பிள்ளை, அங்க ஆரும் கதைக்கப் பேச இருக்கினமே?”

“ஓம் அம்மா, நல்ல ஆக்கள்.”

பொய்தான். அன்று முழுக்க நான் பேசியது பெயின்ட் கடைக்காரரிடம் “அண்ணை, கரண்ட் எப்ப வரும்?” என்று கேட்ட ஒரு கேள்வி மட்டும்.

ஏதும் விளங்காவிட்டால் கேட்பதற்கென்று நிறுவனம் அப்போதுதான் ஒரு துணையாளைத் தந்தது. பெயர் இந்துமதி. சென்னைக் கிளையில் இதே பட்டப் பயிற்சியில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவள். முகம் பார்த்ததில்லை. திரையில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் ‘இ’ என்ற எழுத்து, அவ்வளவுதான் இந்துமதி. முதல் நாள் அவள் கேட்டதற்கு நான் “ஓம்” என்று எழுதினேன்.

“என்னங்க, காலையிலேயே பூஜையா?” என்று பதில் வந்தது.

எங்கள் ஊரில் அது ‘ஆமாம்’ என்று விளக்கம் கொடுத்தேன். ‘கதைப்பம்’ என்று எழுதினால், “என்ன கதை சொல்லப் போறீங்க?” என்பாள். அது ‘பேசலாம்’ என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன். அந்த ஒரு கிழமை மாடி அவ்வளவு வெறுமையாகத் தெரியவில்லை.

எனக்குத் தந்த வேலை ஒரு பதிவுப் படிவம். சில பெயர்களை அடித்தால் படிவம் அப்படியே நின்றுவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான்காம் மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டு, அழைப்பில் கதைக்கலாமோ என்று அவளுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

“இப்ப ஃப்ரீயாதான் இருக்கேன். நான் எடுக்கிறேன்.”

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இருந்தேன். அழைப்பு வந்து நான் இல்லாமல் போய்விடுமோ என்று தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை. அரை மணித்தியாலம் போனது. பிறகு ஒரு வரி வந்தது: “என்னாச்சு, முடிஞ்சிடுச்சா?” எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “ஓம், முடிஞ்சுது” என்று எழுதினேன்.

அடுத்த கிழமை இன்னொரு தடவை கேட்டேன். “சரி, எடுக்கிறேன்” என்றாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவையும் அதேதான். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். “எப்ப வேணும்னாலும் நான் எடுப்பேன்” என்று அவள் இடையிடையே எழுதும்போது, பெரிய இடத்து ஆட்களின் கதை இப்படித்தான் என்று அந்த வட்டத்தை முறைத்துப் பார்ப்பேன். அவளை வெறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு நாள் ஆத்திரத்தில் என் பெயரையே அப்பா பெயரின் முதலெழுத்தோடு அடித்தேன். படிவம் நின்றது. முதலெழுத்துக்குப் பின்னால் வருகிற புள்ளிதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் முழுக்க முதலெழுத்தோடு திரிகிற எனக்கு அது பிடிபட ஆறு கிழமை எடுத்தது. ஒரு வரியில் திருத்தினேன். தட்டிக்கொடுக்க ஆளில்லாததால் கீழே போய்ப் பெயின்ட் கடைக்காரரிடம் “அண்ணை, சரி வந்திட்டுது” என்றேன். “கரண்டோ?” என்றார்.

சோதனைக்காலம் முடிந்து கொழும்பு மேலாளர் என் அறிக்கையை வாசித்தார். துணையாள் எழுதிய வரிதான் என்னைக் காப்பாற்றியதாம்: ‘யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகச் செய்து முடிப்பவர்.’ கிழமைக்கணக்கில் ஒருத்தியின் அழைப்பை எதிர்பார்த்தே இருந்தவளுக்கு அந்தச் சான்றிதழ். நன்றி என்று ஒரு வார்த்தைகூட நான் அவளுக்கு எழுதவில்லை.

இரண்டு நாள் லீவில் மல்லாவிக்குப் போய்வந்து கணினியைத் திறந்தபோது அவளுடைய செய்தி கிடந்தது.

“இன்னியோட எனக்கு இங்க வேலை முடியுது. ஒரு தடவையாவது கால் பண்ணுவீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எடுக்கிறேன்னு சொன்னேனே. பரவால்ல. இங்க எனக்கும் பெருசா யாரும் இல்ல. உங்க ‘ஓம்’ எப்படி இருக்கும்னு காதால கேட்கணும்னு ஆசை.”

நாலைந்து தடவை வாசித்த பிறகுதான் உறைத்தது. எங்களுக்கு ‘எடுக்கிறன்’ என்றால் நான் உனக்கு அழைக்கிறேன். அவளுக்கு ‘எடுக்கிறேன்’ என்றால் நீ அழைத்தால் நான் பேசுகிறேன். தெரியாத சொற்களையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். இது இருவருக்கும் தெரிந்த சொல் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை தமிழ்ப் படம் பார்த்தும் எனக்கு இந்தப் புத்தி. பதில் எழுதினேன். போகவில்லை. பச்சை வட்டம் சாம்பல் நிறமாகியிருந்தது.

பட்டம் கிடைத்தது. வவுனியா அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது அந்த மாடியில் சாரிக் கடை. பழைய செய்திகள் இருந்த செயலியையும் நிறுவனம் மாற்றிவிட்டது. அதோடு இந்துமதி எழுதியதெல்லாம் போயிற்று. அவளுடைய முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இந்த ஹெட்செட்டைச் செருக இப்போதைய கணினியில் ஓட்டையும் இல்லை.

சும்மா காதில் மாட்டிப் பார்த்தேன். “ஓம்” என்று சொன்னேன், கொஞ்சம் சத்தமாகத்தான்.

என்னோடு வந்து இருக்கும் அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே கேட்டார்.

“ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?”

“ஒருத்தருமில்லை அம்மா.”